கடைசிப் பலகை

பேச்சிமுத்து அப்போது வாழைக்குப் பக்கக்கன்று வெட்டிக்கொண்டிருந்தான். வாசலில் ஒரு கிழவர் மூட்டையோடு நிற்பதாக யாரோ சொன்னார்கள். அவன் நிமிரவில்லை. மடத்து வாசலில் கிழவர்கள் வந்து நிற்பது புதிதல்ல. சோறு சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

"பெரிய சாமியைப் பாக்கணும்."

குரலைக் கேட்டதும் மண்வெட்டி நின்றது. பதினாலு வருஷம் கழித்தும் அந்தக் குரலுக்கு அவன் முதுகு விறைத்தது.

அவன் அப்பா சுடலைக்கண்ணு கொடிக்கால் வேலைக்காரர். வெற்றிலைக் கொடியை வளையவிடாமல் கட்டுவதுபோலத்தான் பிள்ளையையும் வளர்த்தார். கைக்கு எட்டிய அகத்திக் கம்பு எதுவோ அதுதான் அன்றைக்கு அடிக்கிற கம்பு. இருபத்திரண்டு வயதில் ஒருநாள் காலையில், சந்தைக்குப் போய்வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் பேச்சிமுத்து கிளம்பினான். சந்தையைத் தாண்டி நடந்தான். ஆற்றைத் தாண்டினான். இந்த மடத்து வாசலில் வந்து நின்றான். ஆறு வருஷம் கழித்து, இன்ன இடத்தில் இருக்கிறேன் என்று வீட்டுக்கு ஒரு கார்டு போட்டான். பதில் இல்லை. போன ஐப்பசியில்தான் அங்கிருந்து ஒரு கார்டு வந்தது. அம்மா இறந்து அன்றைக்குப் பதினாறு நாள் ஆகியிருந்தது. ஆற்றில் முங்கி எழுந்தான். ஈர வேட்டியோடு தோட்டத்துக்குப் போய்விட்டான்.

பெரிய சாமி என்று அழைக்கப்பட்டாலும் தவமணி சாமிக்கு வயது முப்பத்து மூன்றுதான். நாலு வயதில் யாரோ கொண்டுவந்து விட்டுவிட்டுப் போன பிள்ளை. மடத்தில் வாசலுக்குள் கால் வைத்த நாளிலிருந்துதான் வயது. அந்தக் கணக்கில் அவரே மூத்தவர். முந்தின பெரிய சாமி மறைந்தபோது, சமையல் பார்க்கும் எழுபது வயது நயினார் உட்பட எல்லோரும் அவர் காலில் விழுந்து எழுந்தார்கள். பேச்சிமுத்துவும் விழுந்தான். அவரைவிட அவன் மூன்று வயது பெரியவன்.

சுடலைக்கண்ணு மூட்டையைத் தரையில் வைத்துவிட்டு அவர்முன் விழுந்து கும்பிட்டார். எழுந்திருக்க நேரம் ஆயிற்று. தூக்கிவிட வந்தவரை வேண்டாம் என்று தலையசைத்துத் தடுத்தார்.

"எதுக்கு வந்திருக்கீங்க?"

"இங்கனயே இருந்துக்கிடலாம்னு வந்தேன் சாமி."

"வயசு?"

"எழுபத்தொண்ணு."

"வீடு?"

"பூட்டிட்டேன்."

தவமணி சாமி தோட்டத்துப் பக்கம் பார்த்தார். பேச்சிமுத்து மண்வெட்டிப் பிடியைப் பிடித்தபடி நின்றிருந்தான். அதே நெற்றி, அதே மோவாய். யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"உங்க மகன் இங்க இருக்கான். தெரியும்ல?"

"தெரியும் சாமி. அவரைக் கூட்டிட்டுப் போக நான் வரலை."

"இங்க ஒரு முறை உண்டு. இன்னிக்கு வந்தவன் நேத்து வந்தவனுக்கு இளையவன். வெளியில என்ன உறவா இருந்தாலும் சரி. பந்தியில உங்களுக்குக் கடைசிப் பலகை. சாயங்காலம் தோட்டத்துலேருந்து வர்றவங்களுக்குக் கால் கழுவி விடணும். உங்க மகனும் அந்த வரிசையில வருவான். அவன் உங்களுக்கு மூத்தவன்."

கிழவர் மகன் நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அவருக்கு எத்தனாவது பலகை சாமி?"

"நாலாவது."

"நாலாவதா?" என்றார் சுடலைக்கண்ணு. மூட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

அன்று சாயங்காலம் கிணற்றடிக் கல்லில் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். சுடலைக்கண்ணு குத்தவைத்து உட்கார்ந்து செம்பால் தண்ணீர் ஊற்றி, விரலிடுக்கில் இருந்த சேற்றைத் தேய்த்து எடுத்தார். முதலில் தவமணி சாமி. அடுத்து இரண்டு பேர். பிறகு பேச்சிமுத்து.

"காலை நீட்டுங்க சாமி."

"வேண்டாம்ப்பா."

"பின்னால ஆளுக நிக்காங்க."

நீட்டினான். கொடி கட்டும் நாரை இழுத்து இழுத்துக் காய்த்துப்போன விரல்கள். குதிகாலைப் பிடித்தன, வெடிப்பில் இருந்த மண்ணைத் தேய்த்தன. அவனுக்கு நினைவு தெரிந்து அந்தக் கை அடிக்காமல் அவனைத் தொட்டது அதுதான் முதல் தடவை. அது அப்போது அவனுக்குத் தோன்றவில்லை. பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்பதுதான் தோன்றியது. பெற்ற அப்பனைக் காலடியில் உட்கார வைத்திருக்கிறான் என்று நினைப்பார்கள். வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டான். செம்பு உருண்டு போயிற்று. கிழவர் எழுந்து போய் எடுத்து வந்தார்.

இரவுச் சோறு அவனுக்கு இறங்கவில்லை. வரிசையின் கடைசியில், பன்னிரண்டாவது பலகையில், அப்பா குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இடையிடையே தலையைத் தூக்கி இவன் பக்கம் பார்த்தார். இவன் பார்த்தால் குனிந்துகொண்டார். கோபம் என்று அவன் நினைத்தான்.

மறுநாள் விடியும் முன்பே எழுந்து, அப்பா எடுக்க வேண்டிய தண்ணீரையெல்லாம் அவனே எடுத்து நிரப்பினான். அப்பா குடத்தோடு வந்து தொட்டியை எட்டிப் பார்த்தார்.

"ஏன் சாமி இதைச் செய்யுதீய? இது என் வேலைல்லா?"

"நீங்க இருங்கப்பா. நான் பாத்துக்கிடுதேன்."

கிழவர் வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். என்ன செய்வதென்று தெரியாமல் முற்றத்தில் விழுந்திருந்த இலைகளைப் பொறுக்க ஆரம்பித்தார். நாலு நாள் இப்படிப் போயிற்று. ஐந்தாம் நாள் அவனுக்கு முன்பே அவர் எழுந்துவிட்டார். அதற்கப்புறம் யார் முதலில் எழுவது என்று இரண்டு பேருமே தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டார்கள்.

"பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கப்பா. சாமின்னு வேண்டாம்" என்றான் ஒருநாள்.

"இங்க யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் பாக்கலையே."

அம்மா எப்படி இறந்தாள் என்று கேட்க நினைத்தான். அப்பாவே சொல்லுவார் என்று காத்திருந்தான். அப்பா அவன் கேட்பான் என்று காத்திருந்தாரோ என்னவோ, அவரும் சொல்லவில்லை.

பத்தாம் நாள் மத்தியானம் அவன் தவமணி சாமியிடம் போனான். அவர் தென்னை ஓலையிலிருந்து ஈர்க்கு சீவிக்கொண்டிருந்தார்.

"சாமி, எங்கப்பா என் காலைக் கழுவுறது முறையா?"

"மடத்து முறை அதுதான்."

"எனக்கு மனசு கேக்கலை."

"நான் உனக்கு மூணு வயசு சின்னவன். நீ என் கால்ல விழுறே. அதுக்கு உன் மனசு கேட்டுதா?"

"அது வேற சாமி."

"எப்படி வேற?"

"நீங்க என்னைப் பெறலையே."

தவமணி சாமி ஈர்க்கை முகத்துக்கு நேரே பிடித்து வளைவு பார்த்தார்.

"நான் அவருக்கு இளையவனா ஆகணும்" என்றான் பேச்சிமுத்து. "அதுக்கு வழி இருக்கா?"

"இருக்கு. வாசலைத் தாண்டிப் போய் ஒரு ராத்திரி வெளியே தங்கினவன் திரும்பி வந்தா, புதுசா வந்தவன். பழைய வருஷம் எதுவும் நிக்காது."

"தெரியும்."

"அடுத்த தைக்கு உனக்குப் பதினஞ்சு வருஷம் முடியுது. காவி கிடைக்கும். போயிட்டு வந்தா முதல்லேருந்து."

"அதுவும் தெரியும் சாமி."

"யாருக்காகப் போறே?"

"எங்கப்பாவுக்காக."

தவமணி சாமி சீவுகத்தியை நீட்டி அடுப்படி முற்றத்தைக் காட்டினார். "உங்கப்பா அதோ கீரை ஆஞ்சுக்கிட்டிருக்கார்."

பேச்சிமுத்து திரும்பிப் பார்த்தான். அப்பா முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேட்டிக்கு மேலே முதுகெலும்பு ஒவ்வொன்றாகத் தெரிந்தது.

"ஆமா சாமி" என்றான்.

தவமணி சாமி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் வேறு ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்ததுபோல் இருந்தது.

"சரி" என்றார்.

தோளில் ஒரு துண்டோடு வாசலைத் தாண்டினான். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பெருமை பேசியதாகிவிடும் என்று நினைத்தான். அக்கரையில் ஒரு பாழடைந்த மண்டபம் உண்டு. அங்கே படுத்தான். பத்து நாளாக வராத தூக்கம் அன்று அடித்துப்போட்டதுபோல் வந்தது. காலையில் ஆற்றில் குளிக்கும்போது உடம்பு லேசாக இருந்தது. பதினாலு வருஷத்தை ஒரே மூச்சில் கழற்றிப் போட்டாயிற்று. இன்றைக்குச் சாயங்காலம் அப்பா கல்லில் நிற்பார், நான் குத்தவைத்து உட்காருவேன் என்று நினைத்தான். அந்த நினைப்பில் கண் கலங்கியது. கொஞ்சம் கர்வமும் இருந்தது.

வெயில் ஏறும் நேரத்துக்கு மடத்து வாசலுக்கு வந்தான். நயினார் வெளியே நின்றிருந்தார். இவனைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"உங்கப்பா போயிட்டாரேப்பா."

"எங்கே?"

"தெரியலை. விடிஞ்சதும் மூட்டையை எடுத்துட்டுப் போயிட்டாரு."

நயினார் சொன்னது இதுதான். நேற்றுச் சாயங்காலம் நாலாவதாக அவன் வரவில்லை என்றதும் கிழவர் செம்போடு காத்திருந்தார். பின்னால் நின்றவர்களுக்குக் கால் கழுவாமல் நிறுத்திவைத்தார். அவன் துண்டோடு வாசலைத் தாண்டிப் போனதைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். கிழவர் செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு நேரே பெரிய சாமியிடம் போனார்.

"பெரிய சாமி எல்லாத்தையும் எடுத்துச் சொன்னாரு. உங்களுக்கு மரியாதை பண்ணணும்னுதான் போயிருக்கான், நாளைக்கு வந்துருவான், இருங்கன்னாரு. உங்கப்பா நம்பலை."

"என்ன சொன்னாரு?"

"நாளைக்கு வந்துருவான்னுதான் பதினாலு வருஷத்துக்கு முன்னாடியும் அக்கம்பக்கத்துல சொன்னாவ சாமின்னாரு. அதைக் கேட்டுட்டு அவன் ஆத்தா சாகுற வரைக்கும் கதவுக்குத் தாழ்ப்பாள் போடலைன்னாரு. அன்னிக்கும் என்னாலதான் போனான், இன்னிக்கும் என்னாலதான் போயிருக்கான், நான் இல்லைன்னா திரும்பி வந்துருவான்னாரு. அதுக்கு மேல யாரால நிறுத்த முடியும்?"

பேச்சிமுத்து வாசலுக்கு உள்ளே கால் வைக்காமலே நின்றான்.

"இன்னொண்ணு சொல்லணும்" என்றார் நயினார். "தினம் காலையில பால்காரன்கிட்ட உங்கப்பாதான் பால் வாங்குவாரு. நாலாவது பலகையில உக்காருதது எம் மவன்னு தினம் சொல்லுவாரு. பால்காரன் சிரிப்பான், நேத்தே சொன்னீயளேன்னு. அப்படியும் சொல்லுவாரு."

கால்வாய்க்கரை வழியாகத்தான் போயிருக்க வேண்டும். ஊருக்கு அதுதான் வழி. பேச்சிமுத்து ஓடினான். ஓட முடியாதபோது நடந்தான். எதிரே வந்தவர்களிடமெல்லாம் மூட்டையோடு ஒரு கிழவரைப் பார்த்தீர்களா என்று கேட்டான். மூன்றாவது மதகில் அவரைக் கண்டான். மதகுச் சுவரில் சாய்ந்து, வெயிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். உதடு வெடித்திருந்தது. கையைத் தொட்டான். கொதித்தது.

"அப்பா."

கண்ணைத் திறந்தார். யாரென்று புரியச் சற்று நேரமாயிற்று.

"சாமி, நீங்க மடத்துக்குப் போங்க. நான் இனிமே வரமாட்டேன்."

"நான் உங்களால போகலைப்பா. உங்களுக்காகப் போனேன்."

"எனக்காகவா?"

"உங்களுக்குக் கீழே உக்காரணும்னு போனேன். ஒரு ராத்திரி வெளியே தங்கிட்டு வந்தா நான் உங்களுக்கு இளையவன். இனிமே கடைசிப் பலகை எனக்கு. நாலாவது பலகை எனக்கு இல்லை."

சுடலைக்கண்ணு சுவரில் கையூன்றி நிமிர்ந்து உட்கார்ந்தார். பத்து நாளாக நாக்கில் இருந்த சாமி போய், பழைய குரல் வந்தது.

"யாருல கேட்டா?"

பேச்சிமுத்து அவரைத் தூக்கக் குனிந்தான்.

"யாருல உன்கிட்ட கேட்டா?" என்றார் மறுபடியும். அடிக்கப்போகிறவர்போல் கை எழுந்தது. பாதியிலேயே இறங்கிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு அவனிடம் அவர் எதுவும் பேசவில்லை.

முதுகில் தூக்கிக்கொண்டான். கனமே இல்லை. பாதி வழியில் வைக்கோல் வண்டி ஒன்று வந்தது. வண்டிக்காரர் இறங்கி இடம் கொடுத்தார். மடத்து வாசலில் தவமணி சாமி நின்றிருந்தார். கிழவரின் தலைப்பக்கம் பிடித்து இறக்கினார்.

மூன்று நாள் காய்ச்சல் விடவில்லை. வைத்தியர் வந்து கஷாயம் கொடுத்துவிட்டு, வெயில் உள்ளே இறங்கிவிட்டது, வயதும் ஆகிவிட்டது என்று சொல்லிப் போனார். பேச்சிமுத்து அப்பாவின் பக்கத்திலேயே இருந்தான். துணி மாற்றினான். வாயில் கஞ்சி ஊற்றினான். கிழவர் குடித்தார். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"அம்மா எப்படிப்பா போனா?" என்று ஒருமுறை கேட்டான்.

கிழவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காதில் விழுந்ததா இல்லையா என்று அவனுக்குத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம், கஞ்சிப் பாத்திரத்தைக் கழுவிவிட்டு வந்தவன் உள்ளே பேச்சுக்குரல் கேட்டுக் கதவுக்கு வெளியே நின்றான்.

"அவரு சாப்பிட்டாரா?" அப்பா நயினாரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சாப்பிட்டாச்சு."

"எங்க உக்காந்து சாப்பிட்டாரு?"

நயினார் இருமினார். அவர் பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை.

"நாலாவது பலகையிலதான். வேற எங்க?"

"அப்பஞ் சரி" என்றார் சுடலைக்கண்ணு.

அன்று சாயங்காலம் விளக்கு ஏற்றும் நேரத்தில் அவர் உயிர் போயிற்று.

மறுநாள் ஆற்றங்கரையில் எரித்தார்கள். கொள்ளி வைப்பது மகனா, மடத்தில் மூத்தவரா என்ற பேச்சு வந்தபோது, தவமணி சாமி கொள்ளியைப் பேச்சிமுத்துவின் கையில் கொடுத்துவிட்டு விலகிக்கொண்டார். எல்லோரும் குளித்துவிட்டு வந்தார்கள். நயினார் சோறு வடித்திருந்தார்.

பந்தியில் பன்னிரண்டு பலகையும் போட்டிருந்தார்கள். ஒவ்வொருவராக அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். நாலாவதற்கு ஐந்தாவது ஆள் இன்னும் நகர்ந்து வரவில்லை. அது காலியாகவே கிடந்தது. பேச்சிமுத்து அதைத் தாண்டி நடந்தான். எல்லோரையும் தாண்டிப் போய்க் கடைசிப் பலகையில் உட்கார்ந்தான். தலையைக் குனிந்துகொண்டான். பலகையின் விளிம்பைத் தடவிப் பார்த்தான்.

தவமணி சாமி தன் இடத்திலிருந்து எழுந்து வந்து அவன் முன்னால் நின்றார். நயினார் சோற்றுக் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"ஏன் இங்க உக்காந்திருக்கே?"

"முறைப்படி இனி எனக்கு இதுதானே சாமி."

"அதுக்காகத்தானா?"

"இது எங்கப்பா உக்காந்த பலகை சாமி. கொஞ்ச நாளைக்கு இதுல உக்காந்துக்கிடுதேன். அவருக்கு நான் செய்யக்கூடியது இனி இது ஒண்ணுதான்."

"உங்கப்பா இதுல உக்காரலை."

பேச்சிமுத்து தலையைத் தூக்கினான்.

"பத்து நாளும் இதுலதான் சாமி உக்காந்தாரு. நான் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

"அவர் உக்காந்திருந்தது நாலாவது பலகையில" என்றார் தவமணி சாமி. "நீதான் எழுப்பி விட்டே."